வெறும் மருந்து

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பெயருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தேங்காய் மூட்டை தூக்கப் போனவன் நான். பிறகு தேங்காய் வியாபாரம், பிறகு சொந்தத் தோப்பு, மலையடிவாரத்தில் காடு. தாலுகா ஆபீசில் என்னைக் கண்டால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அப்படிப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து காத்துக் கிடந்தே என் பாதி ஆயுசு போயிற்று என்பது வேறு விஷயம்.

அந்த லைசென்சுக்கு உரியவரை மதினி என்று கூப்பிடுவேன். கூடப்பிறந்தவன் மனைவி இல்லை. அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்று அழைத்துப் பழகியதால் வந்த உறவு. கோம்பைக்கு மேற்கே அவர்கள் காடும் என் காடும் ஒரே வேலி. காடு என்று நான் சொல்வது மழையை நம்பிக் கடலையும் மொச்சையும் போடுகிற நிலத்தை. மரம் அடர்ந்து கிடப்பதை நாங்கள் மலை என்போம். பன்றி மலையில் இருந்து காட்டுக்கு வரும்.

மதினிக்கு ஒரு சீக்கு உண்டு. வாயில் பொய் வராது. ரொம்ப நல்லவர், தர்மம் தெரிந்தவர் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். அலுப்பு, அவ்வளவுதான். அவரே சொல்வார்:

"பொய்யச் சொன்னா அதுக்குத் தெனமும் தண்ணி பாய்ச்சணும் கொழுந்தனாரே. இங்கன குடிக்கவே தண்ணி காணல."

ஒரு தடவை பால்மாடு ஒன்றை விற்க ஆள் பிடித்துக் கூட்டி வந்தேன். சின்னமனூர்க்காரர். மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, எல்லாம் பிடித்துப்போயிற்று. கடைசியாக, கேட்க வேண்டுமே என்று ஒரு பேச்சுக்கு, "உதைக்குமா தாயி?" என்று கேட்டார்.

"கறக்கும்போது உதைக்காது. கறந்து முடிச்சு எந்திரிக்கும்போது உதைக்கும். போன மாசம் எனக்கு முழங்கால்ல," என்று சேலையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். "ஏன் மதினி, நான் மெனக்கெட்டு ஆளக் கூட்டியாந்தா..." என்று நான் ஆரம்பிக்க, "கேட்டாருல்ல?" என்றார். அதற்கு மேல் அந்த முகத்தில் ஒன்றும் இல்லை.

என் மூத்தவனுக்குப் பெண் பேசியபோதும் இதே கூத்துதான். பெண் வீட்டார் ஊருக்குள் விசாரிக்க வந்திருக்கிறார்கள். என் பகையாளி வீட்டுக்குப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, நேரே மதினி வீட்டு வாசலில் போய் நின்றார்கள். பையன் குடிப்பானா என்று கேட்டார்களாம். "தீவாளிக்குக் குடிப்பான். பொங்கலுக்குக் குடிக்கிறதில்ல" என்று இவர் சொன்னாராம். சம்பந்தம் முறிந்துபோனது. ஒரு மாசம் நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அவர் பாட்டுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கொழுந்தனாரே, உங்க ஆடு எங்க மொச்சைக்குள்ள நிக்கிது" என்று வழக்கம்போலக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கோபமாக இருப்பதே அவருக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அண்ணன் நெஞ்சுவலியில் போனது தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த மறு வருசம். அவரிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தோட்டா போடுகிற சாதி இல்லை. குழாயின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நார் வைத்து, கம்பியால் கெட்டித்து, அதற்கு மேல் ஈய ரவையைப் போட்டு மறுபடியும் நார் வைத்துக் கெட்டிக்கிற துப்பாக்கி. லைசென்சில் எஸ்.பி.எம்.எல். என்று இருக்கும். என்னிடமும் ஒன்று உண்டு. உரியவர் செத்துப்போனால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு எழுதிக் கொடுத்து, போலீஸ், தாசில்தார், வனத்துறை எல்லோரும் சரி என்று சொல்லி, புது லைசென்ஸ் வாங்கினால்தான் அது திரும்பி வரும்.

அது ஸ்டேஷனில் சாய்ந்து கிடந்த வருசம் பன்றிகள் மதினி காட்டை மாடு பூட்டி உழுததுபோல் உழுது போட்டன. தகரம் தட்டினார், தீ மூட்டினார், நாயைக் கட்டினார். நாய் ஒரு பல்குத்து வாங்கியதோடு சரி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த ஒரே மகன், விற்றுவிட்டு வந்துவிடு என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தான்.

"துப்பாக்கி வந்தாக் காடு நிக்கும். வராட்டி என்னையத் திருப்பூருக்குத் தூக்கிட்டுப் போயிருவான். அங்கன மூணாவது மாடியில ஒரு ரூமு. காலை மடக்கித்தான் படுக்கணும்," என்றார்.

"நான் இருக்கேன்ல மதினி. நான் போனா நடக்காத காரியமா?" என்றேன். அப்போது எனக்குக் கால் நன்றாக இருந்தது.

பழைய கோப்பு மதுரையில், புது ஆபீஸ் தேனியில். மதுரையில் தேனிக்கு அனுப்பியாச்சு என்பார்கள், தேனியில் இன்னும் வரவில்லை என்பார்கள். நடந்து நடந்து ஒருவழியாகக் கோப்பு கிடைத்து, அதிகாரி நேரில் விசாரிக்கக் கூப்பிட்டார். பஸ்ஸில் போகும்போதே நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

"மதினி, அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. பன்னி வந்தா என்ன செய்வீகன்னு. வெடிச்சு விரட்டுவேன்னு சொல்லுங்க. சுடுவேன்னு மட்டும் வாயத் தொறந்துராதீக."

"ஏன், எங்க வீட்டுக்காரரு சுட்டாகல்ல?"

"மெதுவா, மெதுவா. பஸ்ஸுல பாதிப் பேரு ஆபீசு ஆளுக."

விஷயம் இதுதான். பயிரைக் காப்பாற்றச் சர்க்கார் துப்பாக்கி கொடுக்கும். பயிரைத் தின்கிற பன்றியைச் சுட்டால் அதே சர்க்கார் கேஸ் போடும். அதனால் அந்த லைசென்ஸ் முழுக்க ஒரே ஒரு சொல்லில்தான் நிற்கிறது: விரட்ட. எங்கள் பள்ளத்தாக்கில் லைசென்ஸ் வைத்திருந்த அத்தனை பேரும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வாங்கினார்கள். கேட்கிற அதிகாரிக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அது ஒரு வழக்கம்.

அதிகாரி தன்மையான மனுசன். எங்களை உட்காரச் சொன்னார். "பன்னி வந்தா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போடத் தயாராக வைத்திருந்தார்.

"மொதல்ல வெறும் மருந்து போட்டு விரட்டுவேன்யா."

நான் மூச்சு விட்டேன்.

"போகலேன்னா சுடுவேன்."

பேனா அங்கேயே நின்றது. "சுட்டா கேஸுன்னு தெரியுமாம்மா?"

"தெரியும்யா."

"தெரிஞ்சுமா சுடுவேன்னு என்கிட்டயே சொல்றீங்க?"

"நீங்கதான கேட்டீக?"

நான் குறுக்கே விழுந்தேன். "அய்யா, அது கிராமத்துப் பொம்பள, வாய் தவறி..."

"வாயெல்லாம் தவறல," என்றார் மதினி.

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "இதக் காதுல கேட்டுட்டு நான் எப்படி எழுதுறது? கூட்டிட்டுப் போங்க. கொஞ்ச நாள் கழிச்சு வாங்க," என்றார். திரும்பும் வழியில் நான் போடி விலக்கு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். மதினி தூங்கிவிட்டார்.

அடுத்த விதைப்பு நெருங்கும்போது ஒருநாள் காலையில் என் தோப்புக்கு வந்தார். தேங்காய் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த ஆட்களைத் தாண்டி வந்து நின்றார்.

"கொழுந்தனாரே, நான் இனிமே சுடமாட்டேன். இப்பப் போவம்."

"அடடா, இதத்தான மதினி அன்னைக்கே சொல்லச் சொன்னேன். சும்மா ஒரு வார்த்த."

"சும்மா எப்படிச் சொல்றது? அதான் இத்தன நாளா யோசிச்சேன். சுடாம இருக்க முடியுமான்னு. முடியும்னுதான் தோணுது."

நான் சிரித்தேன். ஆட்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்தத் தடவை அதிகாரி கேட்டதும் "விரட்டத்தான்யா" என்றார் மதினி. அதிகாரி அவரை ஒரு நிமிசம் உற்றுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஸ்டேஷனில் இருந்து துப்பாக்கி வந்தது. மதுரையில் லைசென்ஸ் உள்ள கடையில் போய் மருந்தும், அதைப் பற்ற வைக்கிற கேப்பும் வாங்கினோம். எவ்வளவு வாங்கினோம் என்று கடைக்காரர் குறித்துக்கொண்டார். "ரவை வேணுமா?" என்றார். "வேண்டாம்," என்றார் மதினி. நான் அவர் முழங்கையை இடித்தேன். "வேண்டாம்," என்று மறுபடியும் சொன்னார்.

முதல் வெடியை நான் பக்கத்தில் நின்று போடச் சொன்னேன். துப்பாக்கி அவரைவிட ஒரு சாண் உயரம். மருந்தை அளந்து கொட்டி, நாரை வைத்துக் கெட்டித்தார். கேப்பை வைக்கப் போனவர் நின்றுவிட்டார்.

"என்ன மதினி?"

"மருந்து ஒருதரம் போட்டனா ரெண்டுதரம் போட்டனான்னு தெரியல."

"ஒருதரந்தான். நான் பாத்தேன்."

"நீங்க அப்ப பீடி பத்த வச்சுக்கிட்டு இருந்தீக."

அது உண்மை. ரெண்டு மடங்கு மருந்து போட்டால் குழாய் வெடித்து முகம் போய்விடும். நாரைத் திருகிப் பிடுங்கி, மருந்தைக் கொட்டி, முதலில் இருந்து ஆரம்பித்தோம். வெயில் ஏறிவிட்டது. கடைசியில் துப்பாக்கியின் குதிரையை இழுத்துவிட்டு வெடித்தபோது தோள்பட்டையில் இடித்து ஆள் ஓரடி பின்னால் போய்விட்டார். "ஆத்தாடி!" என்று உட்கார்ந்துகொண்டார். மலை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பி அனுப்பியது. புகை கலைந்தபோது பார்த்தால் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

முதல் சில வருசம் பன்றிகள் அந்தச் சத்தத்துக்கு மலை ஏறி ஓடின. கடலை வீடு வந்து சேர்ந்தது. நான் ஊரெல்லாம் என் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மற்றவர்கள் காட்டில் வெடிச் சத்தம் கேட்டால் மதினி எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். அது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. ஒருதரம் ஓடையில் ஒரு பன்றி செத்துக் கிடந்து, வனத்துறைக்காரர்கள் வந்து துப்பாக்கி வைத்திருந்த எல்லோரையும் விசாரித்தார்கள். எங்களையெல்லாம் பொழுது சாயும்வரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். மதினியிடம், "நீங்க சுட்டீங்களா?" என்றார்கள். "இல்ல." "யாரு சுட்டா?" "நான் பாக்கலய்யா." எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள். பார்க்காத வரைக்கும்தானே பார்க்கவில்லை என்று சொல்ல முடியும்? அதற்காகவே கதவைச் சாத்திக்கொள்கிற ஒரு ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் பன்றி முட்டாள் இல்லை. மற்றவர்கள் காட்டில் சத்தம் கேட்டால் உயிர் போகும், இந்தக் காட்டில் சத்தம் மட்டும்தான் என்பதை அது கற்றுக்கொண்டது. சுற்றுப்பக்கத்துப் பன்றியெல்லாம் மதினி காட்டுக்கு ஒதுங்க ஆரம்பித்தன. ஒரு நாள் விடியக்கருக்கலில் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கடலைக்குள் ஒரு கூட்டமே நிற்கிறது. மதினி வெறும் மருந்து போட்டு வெடித்தார். குட்டிகள் மட்டும் கொஞ்சம் துள்ளின. கிழட்டு ஆண் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்த வீட்டுக்காரன் இருமினால் திரும்பிப் பார்ப்போமே, அந்த மாதிரி. பிறகு குனிந்து தின்ன ஆரம்பித்துவிட்டது.

என் மடியில் ரவை இருந்தது. ஒரு கை அள்ளி நீட்டினேன்.

"போடுங்க மதினி. ஒண்ணு விழுந்தாப் போதும். மத்தது இந்தத் தெசைக்கே வராது."

அவர் என் கையைப் பார்த்தார். கடலையைப் பார்த்தார். அந்த வருச வெள்ளாமை முழுக்க அங்கே அவர் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"விரட்டத்தான்னு சொல்லிட்டேனே."

"அந்த அதிகாரி மாத்தலாகிப் போயி எத்தன காலமாச்சு! அவருக்கே நெனப்பு இருக்காது."

"எனக்கு இருக்கே."

"காடு போயிரும் மதினி."

"போயிரும்தான்," என்றார். மறுபடியும் மருந்தை அளந்து கொட்டினார், நாரை வைத்தார், கெட்டித்தார். வெடித்தார். இந்தத் தடவை ஆண் பன்றி தலையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரவையைத் தரையில் வீசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பன்றியையும் திட்ட முடியவில்லை, சர்க்காரையும் திட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு ரெண்டு விதைப்பு. ரெண்டும் போயிற்று. மகன் வந்து பேசினான். விற்கலாம் என்று முடிவானதும் ஆள் கூட்டி வந்தவனும் நான்தான். வருசநாட்டில் இருந்து ஒருவர் வந்தார். "பன்னித் தொந்தரவு உண்டா?" என்று கேட்டார். "எப்பவாச்சும்," என்றேன் நான். "தெனமும் வரும்," என்றார் மதினி. அவரும் போய்விட்டார். கடைசியில் மின்சாரம் எடுக்கக் காற்றாடி நடுகிற கம்பெனிக்காரர்கள் வாங்கினார்கள். அவர்களிடமும் மதினி பன்றியைப் பற்றிச் சொன்னார். வந்திருந்த இளைஞன் சிரித்தான். "இரும்பத் திங்காதுல்லம்மா?" என்றான்.

காடு போன பிறகு துப்பாக்கியை வைத்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். "காட்டுக்குன்னுதான் கேட்டு வாங்குனேன்," என்றார். அப்போது தேர்தல் நேரம். தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் கொடுத்து வைக்க வேண்டும். நான் என்னுடையதைக் கொடுத்து வைக்கப் போனேன், மதினி தன்னுடையதை ஒரேயடியாக ஒப்படைக்க வந்தார். முடித்துவிட்டு அப்படியே மகனிடம் போவதாகத் துணிப்பையும் கையில் இருந்தது.

எங்கள் துப்பாக்கியைப் பார்த்த பார்வையில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று யாரும் சொல்ல முடியாது. குழாய்க்குள் கம்பியைப் போட்டுப் பார்க்க வேண்டும். வெறும் குழாய் என்றால் இரும்பில் இரும்பு பட்டு ணங்கென்று கேட்கும். ஸ்டேஷன் ரைட்டர் ரொம்ப வருசமாக அங்கே இருப்பவர், எங்கள் எல்லோரையும் தெரிந்தவர்.

"கெட்டிச்சிருக்காம்மா?" என்று மதினியைக் கேட்டார்.

"இல்லய்யா."

வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டார். கம்பியைத் தொடவில்லை.

"உங்களுது?"

"வெறும் குழாதான் ரைட்டரே," என்றேன். நாற்காலி போட்டு உட்கார வைக்கிற ஆள் நான்.

ரைட்டர் என்னைப் பார்க்காமல் மதினியைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"தெரியாதுய்யா. நான் பாக்கலையே."

ரைட்டர் எழுந்து என் துப்பாக்கிக்குள் கம்பியைப் போட்டார். ணங்கென்றது. அங்கே நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை மதினி என் பின்னாலேயே வந்தார்.

"கோவமா கொழுந்தனாரே?"

"இல்ல மதினி. இதுக்கெல்லாமா கோவிப்பாக?"

என் முகத்தைப் பார்த்தார். "சரி," என்றார்.

திருப்பூர் பஸ் வந்தது. பையை வாங்கி நானே உள்ளே வைத்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தார். வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டி, "போறேன் கொழுந்தனாரே," என்றார்.

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆத்தா, போயிட்டு வாறேன்னு சொல்லு! கெளம்பும்போது அப்பிடிச் சொல்லுவாகளா?" என்று அதட்டினார்.

மதினி அவரைப் பார்த்துச் சிரித்தார். பஸ் திரும்பும்வரை நான் நின்று பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.